முதலில் இரை, பிறகு மீன்

திருகோணமலை உட்துறைமுகத்தை ஒட்டிய தெருவொன்றில் இருக்கும் அந்த வீட்டின் பின்விறாந்தையில், மீன் பார்க்கப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது பச்சைத் தண்ணீர்தான். இரண்டு லீற்றர் சோடாப் போத்தல்கள் பலகையின் மேல் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் மெல்லிய காற்றுக் குழாய் ஒன்று இறங்குகிறது. ஒரு போத்தலில் இளம்பச்சை, அடுத்ததில் கரும்பச்சை, அதற்கடுத்ததில் தவிட்டு நிறம். உள்ளறைத் தொட்டியில் குழாய்மீன் குஞ்சுகள் உயிரோடு இருப்பது இந்தப் பாசித் தண்ணீரால்தான்.

வளர்க்கும் இளைஞர் முப்பதைத் தொடாதவர். அவருடைய மாமா வண்ணமீன் பிடிக்கும் சுழியோடி. தாடியும் தலையும் நரைத்த பிறகும் பருவம் வந்தால் சிலிண்டரைத் தூக்குகிறவர். "மாமா மீனைப் பிடிச்சுக்கொண்டு வந்தார். நான் அதுக்குத் தீனி போடப் பழகினன். தீனி செய்யிற வேலை பிடிபட்டாப் பிறகுதான் குஞ்சு தப்பத் தொடங்கினது" என்று மருமகன் என்னிடம் சொன்னார். குழாய்மீன் வளர்ப்பின் முழு வரலாறும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இலங்கையிலிருந்து கடல் வண்ணமீன்கள் ஏற்றுமதியாவது 1930களில் மிகச் சிறிய அளவில் தொடங்கியது. அதைத் தொழிலாக நிலைநிறுத்திய முன்னோடிகளில் ஒருவர் ரொட்னி ஜொங்க்லாஸ். ஆர்தர் சி. கிளார்க், மைக் வில்சன் ஆகியோரோடு இந்தத் தீவின் கடல்களில் முக்குளித்தவர் அவர். தொழில் காற்றைப் பார்த்து நடக்கிறது. வாடை ஓய்ந்து சித்திரை பிறந்தால் கிழக்குக் கடல் தெளியும்; அப்போது தென்மேற்குக் கரையின் சுழியோடிகளும் திருகோணமலை, கல்குடாப் பக்கம் வந்துவிடுவார்கள். ஐப்பசி கார்த்திகையில் வாடை திரும்பியதும் இந்தக் கரை கலங்கிவிடும், அவர்கள் தங்கள் பக்கம் போய்விடுவார்கள். பிடித்த மீன் ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தரைவழியே கொழும்புக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறுகிறது.

மாமாவின் கருவிகள் இரண்டு கைவலைகளும் ஒரு மெல்லிய குச்சியும். ஈயம் கட்டிய மொக்சி வலையைப் பவளப் பாறை மீது போர்த்தி, அலவாங்கால் பாறையை இடித்து மீனை வெளியேற்றும் முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டதால் அதன் எல்லைக்குள் எந்த மீனையும் தொட முடியாது. "பாறையை உடைச்சா அடுத்த வருசம் எங்க போய்ப் பிடிக்கிறது?" என்று மாமா கேட்கிறார். குழாய்மீன் இருக்கும் இடம் அவருக்குத் தெரியும்: பாறையின் அடிவிளிம்பு, இருண்ட பொந்து, நீண்ட முள் கொண்ட கடல் முள்ளிகள் கூடியிருக்கும் பள்ளம். நீலக்கோட்டுக் குழாய்மீன் அங்கே சோடியாக வாழ்கிறது. நீளம் ஏழு சென்ரிமீற்றர்தான் வரும். செம்மஞ்சள் உடலில் பக்கவாட்டில் ஒரு நீலக் கோடு, விசிறி விரித்தாற்போல வால். பெரிய மீன்களின் உடலில் ஒட்டும் சிறு உண்ணிகளைக் கொத்தித் தின்று அவற்றைத் துப்புரவாக்குவதும் இதன் தொழில்.

பிடிப்பதில் பெரிய சிரமம் இல்லை. சிரமம் பிறகு தொடங்குகிறது.

கடற்குதிரையும் குழாய்மீனும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் பல் இல்லை, இரைப்பையும் இல்லை. தின்றது தங்காமல் நேரே குடலுக்குள் போய்விடுவதால் நாள் முழுக்கச் சிறுகச் சிறுகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். மற்ற மீன்களை அனுப்பும்போது பையில் தண்ணீர் அழுக்காகாமலிருக்க முன்கூட்டியே பட்டினி போடுவார்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஒட்சிசன், அதன் மேல் கடதாசி, ரெஜிபோம் பெட்டி என்று ஏற்றுமதிக்காரருக்கு எல்லாம் கைப்பழக்கம். குழாய்மீனுக்கு அந்தப் பட்டினி உயிருக்கே ஆபத்தாகிவிடும். போய்ச் சேர்ந்த வீட்டிலும் அது செத்த தீனியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கண் முன்னே துடிப்பதுதான் அதற்குச் சாப்பாடு. கடலிலிருந்து போன குழாய்மீன்களில் பல வாங்கியவரின் தொட்டியில் மெலிந்து சாவதற்குக் காரணம் இதுதான். தொட்டியிலேயே பிறந்த குஞ்சு அப்படியல்ல. கண்ணாடிக்கும் கைக்கும் பழகியது. பொறுமையாகப் பழக்கினால் உறைய வைத்த சிற்றிறாலையும் ஏற்றுக்கொள்ளும்.

மருமகன் டோர்ச் ஒன்றைச் சரித்துப் பிடித்து ஆண் மீனைக் காட்டினார். இந்த இனத்தில் ஆணின் மூக்கோரத்தில் சிறு முண்டுகள் இருக்கும், பெண்ணுக்கு மூக்கு மழமழப்பு. ஒரே தொட்டியில் இரண்டு ஆண்களை விட்டால் ஒன்று மற்றதை விரட்டியே கொன்றுவிடும் என்றார். அந்த ஆணின் வயிற்றடியில் முட்டைகள் வரிசையாகப் பதிந்திருந்தன. கடற்குதிரைக்கு மூடிய பை உண்டு. இந்த மீனுக்குப் பை கிடையாது. பெண் இட்டுவிட்டுப் போகும் முட்டைகளை வெறும் வயிற்றுத் தோலிலேயே சுமக்கிறது. வெப்பத்தைப் பொறுத்து ஏறத்தாழ இரண்டு வாரம் இந்தச் சுமை. அன்று அந்த முட்டைகளில் சோடி சோடியாகக் கரும்புள்ளிகள் தெரிந்தன. அவை குஞ்சுகளின் கண்கள். இரண்டொரு இரவில் பொரியும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

பொரிப்பு பெரும்பாலும் இரவில் நடக்கும். பொரித்த குஞ்சைத் தகப்பன் மீன் திரும்பிப் பார்ப்பதில்லை. சில வேளை வாய்க்குள் போனாலும் போகும். வடிகட்டியின் இழுவையில் சிக்கினால் அதோடு சரி. ஆகவே அந்த இரவுகளில் மருமகனுக்கு நித்திரை கிடையாது. பம்பை நிறுத்தி, அறையை இருட்டாக்கி, தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம் காட்டுவார். குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்து கூடும். வலை போடக் கூடாது: தண்ணீருக்கு வெளியே வந்த குஞ்சு காற்றை விழுங்கி, பிறகு மேலே மிதந்தபடியே கிடந்து செத்துவிடும். ஒரு கோப்பையைத் தண்ணீருக்குள் மெல்லத் தாழ்த்தி, தண்ணீரோடு சேர்த்தே அள்ளி, வளர்ப்புத் தொட்டிக்குள் தாழ்த்தி விடுவார். வளர்ப்புத் தொட்டி உருண்டை வாளி. ஒரு பக்கத்தில் மெல்லிய குமிழ்கள் எழும்ப, தண்ணீர் வட்டமாகச் சுழன்றுகொண்டே இருக்கும். குஞ்சும் இரையும் மூலையில் தேங்காமல் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டிருப்பதற்கான ஏற்பாடு அது. இந்தக் குஞ்சுகள் பல வாரம் மிதந்தே திரியும், அதன் பிறகுதான் தரை தேடும்.

இனி இரையின் கதை. இந்த வீட்டில் நடக்கும் உழைப்பில் முக்கால்வாசி இதற்குத்தான் போகிறது.

முதற்படி பாசி. கடல் தண்ணீரைத் துணியில் வடித்து, பிளீச் போட்டுக் கிருமி கொன்று, தயோசல்பேற்றால் குளோரினை நீக்கி, உரம் கலந்து, ஒரு பிடி பழைய பச்சைத் தண்ணீரை விதையாக ஊற்ற வேண்டும். வெயில் படும் விறாந்தை, போதாத வேளைக்கு ஒரு ரியூப் லைற். சில நாளில் போத்தல் கறுத்த பச்சையாகிவிடும். அந்தப் பாசியைத் தின்று வளர்வது ரொட்டிஃபர் என்ற நுண்ணுயிர். உடல் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு. சூடும் தீனியும் ஒத்துவந்தால் ஓரிரு நாளில் இரட்டிப்பாகும். அடுத்தது கோபேபொட், கடலிலேயே மீன்குஞ்சுகளின் இயல்பான முதல் உணவு. குஞ்சின் கண்ணும் நரம்பும் உருவாகத் தேவையான கொழுப்பு இதில் நிறைந்திருக்கிறது. வளர்ப்பது ரொட்டிஃபரைவிடக் கடினம், பெருகுவதும் மெதுவாக. கடைசியில் ஆர்ட்டீமியா. தகரத்தில் வரும் உலர்ந்த முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்றோட்டம் கொடுத்தால் ஒரு நாளில் பொரிக்கும். ஆனால் பொரித்த புதிதில் அதற்கு வாயே திறந்திருக்காது. முதல் தோலைக் கழற்றிய பிறகுதான் பாசியைக் குடிக்கத் தொடங்கும், அப்போது சத்தேற்றிக் கொடுத்தால்தான் குஞ்சுக்குப் பலன்.

வளர்ப்பு வாளியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் தந்தார். முன்னொரு பொரிப்பின் குஞ்சு ஒன்று குவளையில் மிதந்தது: நூல் துண்டு போன்ற உடல், அதற்குப் பொருந்தாத பெரிய கண்கள், குட்டை மூக்கு. அதன் முன்னே வெண்துகள்களாக ரொட்டிஃபர்கள் உருண்டுகொண்டிருந்தன. குஞ்சு ஒன்றைக் குறிவைத்தது. கண்கள் இரண்டும் அதன் பக்கம் திரும்பின, உடல் அசையாமல் நின்றது. தலை சடக்கென்று நிமிர்ந்தது, துகளைக் காணவில்லை. மூக்குக் குழலால் தண்ணீரோடு இரையை உறிஞ்சும் இந்தச் செயல் சில மில்லிசெக்கன்களில் முடிந்துவிடுகிறது. ஒரு மில்லிலீற்றருக்கு ஐந்து முதல் பத்து ரொட்டிஃபர் இருக்கும்படி அவர் பார்த்துக்கொள்கிறார். குறைந்தால் குஞ்சு தேடித் தேடியே களைத்துவிடும். கூடினால் மிஞ்சியது தண்ணீரைக் கெடுக்கும். காலை, மதியம், மாலை, படுக்கப் போகுமுன் என்று ஒவ்வொரு முறையும் குவளையில் எடுத்து எண்ணிப் பார்த்துத்தான் தீனி ஊற்றுகிறார்.

இந்த ஊருக்கென்று சில தொல்லைகளும் உண்டு. வாடை மழை பெய்தால் மகாவலி ஆற்றுத் தண்ணீர் கொட்டியாரக் குடாவில் வந்து கலக்கிறது. துறைமுகத் தண்ணீரின் உப்பு இறங்குகிறது, கலங்கலும் ஏறுகிறது. ஆகவே மழைக்கு முன்பே வெளிக்கடல் பக்கத்தில் தண்ணீர் எடுத்து, மூடிய பீப்பாய்களில் இருட்டில் சேர்த்து வைக்கிறார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேறு பிரச்சினை. அறைச் சூடு முப்பதைத் தாண்டினால் தொட்டியில் கிருமிகள் பெருகும், மீனின் வாலும் மூக்கும் புண்ணாகும். அதனால் தண்ணீர் மேல் விசிறி ஓடுகிறது; விசிறியால் தண்ணீர் வற்றி உப்பு கூடுவதால் தினமும் நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுசெய்கிறார். ஆர்ட்டீமியாவோடு தொற்றிக்கொண்டு வரும் ஐதரா இனத்துச் சிற்றுயிர்கள் வாளிச் சுவரில் ஒட்டி வளர்ந்து, குஞ்சைக் கொட்டிக் கொல்லும். அதற்காகவே ஆர்ட்டீமியா முட்டைகளின் ஓட்டைப் பிளீச்சில் கரைத்து, பலமுறை அலசிப் பொரிக்க வைக்கிறார்.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற காலம் அவருக்கு மறக்காது. பாசிப் போத்தல்கள் தாங்கின, ரொட்டிஃபர் வாளி நுரைத்து நாறியது. மோட்டார் சைக்கிள் பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பால் ஒரே ஒரு ரொட்டிஃபர் போத்தலைத்தான் காப்பாற்ற முடிந்தது. இன்றைக்கு விறாந்தையில் இருக்கும் ரொட்டிஃபர் முழுவதும் அந்தப் போத்தலின் வழிவந்தது. ரூபா சரிந்த பிறகு இறக்குமதி ஆர்ட்டீமியாத் தகரத்தின் விலையும் கைக்கு எட்டாமல் போனதால், கோபேபொட் பக்கம் அவர் முழுமூச்சாகத் திரும்பியதும் அப்போதுதான்.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இந்த வேலையை வீட்டில் செய்ய முடியாது. கடற்குதிரை, குழாய்மீன் குடும்பம் முழுவதும் 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். உலர்த்தி மருந்துக்கு விற்கும் வணிகம் மன்னார் வளைகுடாவையும் பாக்கு விரிகுடாவையும் அரித்ததன் விளைவு அது. உலக அளவில் கடற்குதிரைகள் 2004 மே மாதத்திலிருந்து, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பின் கீழ் வந்தன. அமண்டா வின்சென்ற் 1996இல் தொடங்கிய 'புரொஜெக்ட் சீஹோர்ஸ்' அமைப்பின் நெடுநாள் உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. குழாய்மீன்கள் அந்த இணைப்பில் சேர்க்கப்படவில்லை. இந்தக் கரையில் அவற்றுக்கு எஞ்சியிருக்கும் காவல், பெரும்பாலும் பிடிக்கிறவரின் மனச்சாட்சியும் வளர்க்கிறவரின் கைத்திறனும்தான்.

அந்தக் கைத்திறனுக்கு ஆதரவு வேண்டும். இலங்கையின் வளர்ப்பு வண்ணமீன் தொழில் கப்பி போன்ற நன்னீர் மீன்களை நம்பி வளர்ந்தது. அரச பயிற்சியும் குஞ்சு விநியோகமும் பெரும்பாலும் அந்தப் பக்கமே போயின. லட்சத்தீவின் அகத்தியில் இந்திய அரசின் மீன் மரபு வளப் பணியகம் உள்ளூர்ப் பெண்களுக்குக் கடல் அலங்கார இறால் வளர்க்கப் பழக்கிக் கொடுத்தது. திருகோணமலையிலும் அப்படியொரு முயற்சிக்கான பலவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: சுத்தமான வெளிக்கடல், நிலாவெளி உப்பளங்கள், பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள், மீனின் குணமறிந்த சுழியோடிகள். இல்லாதது பாசிக்கும் ரொட்டிஃபருக்கும் கோபேபொட்டுக்கும் ஒரு பொது விதைக்கூடம். ஒருவரது வாளி கெட்டால் மறுநாளே போய் விதை வாங்க ஓர் இடம் இருந்தால், இந்த வேலையைத் துணிந்து தொடங்கப் பல வீடுகள் வரும். மாமாவைப் போன்றவர்களுக்கும் முதுகில் சிலிண்டர் சுமக்க முடியாத வயதில் வீட்டோடு ஒரு வருமானம் கிடைக்கும்.

அரசு வரும்வரை மருமகன் காத்திருக்கவில்லை. அன்று பின்னேரம் கிண்ணியாவிலிருந்து ஒரு மீனவர் பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். "நானா, இதைப் பச்சைத் தண்ணியிலயே வைச்சிருங்கோ, வெறும் தண்ணியில விட்டுடாதேங்கோ" என்று சொல்லி, கோபேபொட் நிறைந்த போத்தலொன்றை மருமகன் அவரிடம் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: இங்கே வளர்ப்பு செத்துப்போனால் அங்கிருந்து ஒரு போத்தல் திரும்பி வர வேண்டும். கோபேபொட் அங்கே ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் தொட்டியில் பிறந்த ஒரு சோடிக் குழாய்மீனையும் கொண்டுபோகலாம் என்று பேசி முடித்தார்கள். மாமா எழும்பிப் போய், வந்தவரின் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போத்தல் ஆடாமலிருக்கப் பழைய சாரத்தைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார்.