சேத்துப்பட்டு ஆய்வகத்தாருக்கு ஓர் அக்காவின் மடல்

சென்னை சேத்துப்பட்டில் காசநோய்க் கிருமிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தாருக்கு,

செஞ்சிக்காரர்களுக்குச் சேத்துப்பட்டு என்றால் வளத்தி தாண்டி வரும் ஊர்தான். சென்னையிலும் ஒன்று இருப்பதை என் தம்பியின் சளிதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

அவன் இங்கே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டை தூக்குகிறவன். இருமல் நிற்கவில்லை. காசநோய்தான், ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கேட்கும் என்று ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை சொன்னது. மாத்திரையும் தொடங்கியாயிற்று. ஆனால் அந்தச் சோதனை ஐசோனியசிட் என்ற இன்னொரு மருந்தைப் பற்றி வாய் திறக்காதாம். அவனுடைய கிருமி அதற்கு மசியாது என்பதை லைன் புரோப் சோதனையில் கண்டுபிடித்தவர்கள் நீங்கள். ஐசோனியசிட் நின்றது, லெவோஃப்ளாக்சசின் சேர்ந்தது. ஆறு மாதத்தில் தேறிவிட்டான்.

டாக்டருக்கும் நர்சம்மாவுக்கும் நேரிலேயே கும்பிடு போட்டுவிட்டேன். உங்கள் முகம் தெரியாது. வேலையை மட்டும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இந்தக் கிருமி ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகும். முட்டை கலந்த எல்.ஜே. ஊடகத்தில் வளர்ந்து கண்ணில் படப் பல வாரம். இப்போது எம்.ஜி.ஐ.டி. கருவி ஒரே சமயத்தில் 960 குழாய்களைக் கவனிக்கிறது. கிருமி ஆக்சிஜனைத் தின்னத் தின்ன, குழாயின் அடிப்பாகம் புறஊதா ஒளியில் மின்னுகிறது. மருந்துள்ள குழாயில் கிருமியை முழுசாக விடுகிறீர்கள், மருந்தில்லாத குழாயில் நூறில் ஒரு பங்குதான். அப்படியும் மருந்துக் குழாய் பின்தங்காமல் வளர்ந்தால் அந்த மருந்து உதவாது. நூற்றுக்கு ஒரு கிருமி எதிர்த்து நின்றாலே விடமாட்டீர்கள் என்ற அந்தக் கறார் எனக்குப் பிடித்திருக்கிறது.

இதே போல, 96 குழித் தட்டுகளில் 13 மருந்துகளை வைத்து, 23 நாடுகளின் 12,289 கிருமி மாதிரிகளைச் சோதித்த கிரிப்டிக் ஆய்வு 2022-ல் வெளியானது. பெரிய வேலைதான். எனக்கென்னவோ தம்பியின் அந்த ஒரு சளிக் குழாய்தான் பெரிது.

1956-ல் உங்கள் பேட்டையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்தான், காசநோய்க்காரரை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது. தம்பி சானடோரியம் போகாமல் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே தேறியதற்கு அந்தப் பெரியவர்களுக்கும் நன்றி.

இதைப் படிக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு வாரம் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், சோதனை இலவசம். டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுக்காதீர்கள். மூச்சை இழுத்து, இருமி, நெஞ்சுச் சளியைக் கொடுங்கள்.


ஓர் அக்கா, செஞ்சி