கடைப் பேர் போட்ட காலண்டர்

ஆடிப் பதினெட்டு அன்றே சிவகாசியில் அடுத்த வருசம் பிறந்துவிடும். காலண்டர் போடுகிறவர்கள் பூசை வைத்துப் புது ஆல்பத்தைத் திறப்பது அன்றைக்குத்தான். சில நாளில் அந்த ஆல்பத்தைச் சுமந்துகொண்டு ஏஜெண்டுகள் கரிசல் காட்டு ஊர்களுக்கு பஸ் ஏறிவிடுவார்கள். எழுபதுகளில் எங்கள் கடைத்தெருவில் ஏஜெண்ட் வந்து இறங்கினால் கொஞ்ச நேரத்துக்கு யாவாரமே ஓடாது. மளிகைக்கடை அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தபடி விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு படமாகப் புரட்டுவார். சுற்றி நிற்கிற எல்லோருக்கும் அதில் அபிப்பிராயம் உண்டு.

“போன வருசம் லட்சுமி போட்டாச்சு தம்பி. இந்த வருசம் முருகன் இருக்கட்டும். கடைப் பேரு மட்டும் சிவப்பு எழுத்துல தெளிவா வரணும்.”

அந்த முருகனுக்கும் லட்சுமிக்கும் முகம் கொடுத்தவர்களில் தலையானவர் கொண்டையராஜு. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்தவர், நாற்பதுகளில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய சாமிகள் சிவகாசி அச்சில் ஏறி ஊர் ஊராகப் போனார்கள். அவர் 1976இல் மறைந்தார். அந்தச் சாமிகள் இன்னும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் இருக்கிறார்கள்.

மார்கழி முடிவதற்குள் காலண்டர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பாக்கி இல்லாமல் பற்று வரவு வைத்திருக்கிற வீட்டுக்கு அண்ணாச்சியே கொடுத்தனுப்புவார். ராகு காலம், எமகண்டம், சூலம், முகூர்த்த நாள் எல்லாம் பார்க்க அதுதான். கிழித்த தாளின் பின்பக்கம் பால்கணக்கு எழுத ஆகும். வருசம் முடிந்து தாள் தீர்ந்தாலும் அட்டையைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. அச்சடித்தாலும் சாமி சாமிதான். கண்ணாடி போட்டுப் பூசை அலமாரியில் மாட்டுவார்கள். எங்கள் வீட்டில் கடைப் பேரை வெட்டாமலே சட்டம் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அம்மா வைக்கிற குங்குமம் உதிர்ந்து அண்ணாச்சி கடைப் பேரிலும் விழும். எந்த விளம்பரத்துக்கு இந்தக் கொடுப்பினை உண்டு?

ஜவுளிக்கடைக்காரர்களுக்கு மஞ்சப்பை. தீபாவளிக்கு எடுத்த துணி ஒரு வருசத்தில் சாயம் போகும், பை போகாது. ரேசன் சீனி, பள்ளிக்கூடப் புத்தகம், தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோகிற பத்திரம் எல்லாம் அதில்தான். ஊர் விட்டு ஊர் போகிறவர் எந்தக் கடையில் கல்யாண ஜவுளி எடுத்தார் என்பதை அவர் கையிலிருக்கும் பையே சொல்லிவிடும். நகைக்கடையில் கால் பவுன் தோடு எடுத்தாலும் ரோஸ் நிறத் தாளில் மடித்து, கடைப் பேர் போட்ட சின்ன பர்சில் வைத்துத் தருவார்கள். தோடு அடகுக்குப் போன பிறகும் அந்த பர்சில் அம்மாக்கள் சில்லறை போட்டு வைத்திருப்பார்கள். பாத்திரக்கடையில் வேறு மாதிரி. குடம் வாங்கினால் பேர் வெட்டித் தருவது இலவசம். அங்கே பொறிப்பது கடைக்காரர் பேரை அல்ல, வாங்குகிறவர் பேரை. சீராக வந்த குடத்தில் தன் பேரைத் தடவிப் பார்த்த பெண், மகளுக்கும் அந்தக் கடைக்குத்தான் வருவாள்.

புதுக்கடை திறந்தால் நோட்டீஸ் வண்டி. கூண்டு மாட்டுவண்டியின் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, உள்ளே ஒருவர் குழாய் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே வருவார். ரோஸ், பச்சை, மஞ்சள் தாள்கள் பறக்கும். பொடிப் பயல்கள் புழுதியில் புரண்டு பொறுக்குவோம். காலால் மிதிக்கிற டிரெடில் மெஷினில் அடித்த தாள்கள் அவை. மை கையில் ஒட்டும். மேலே பிள்ளையார் சுழி, நடுவில் நயம் சரக்கு, நியாய விலை, அடியில் ஒருமுறை விஜயம் செய்யச் சொல்லும் பணிவு. எழுத்துக்கூட்டிப் படிக்க நான் பழகியது பாதி இந்தத் தாள்களில்தான்.

டூரிங் டாக்கீசில் ஒரே புரொஜக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை வரும். இடைவேளை தோறும் கண்ணாடிச் சிலைடு. எங்கள் ஊர்த் தையல்கடைப் பேரும் சோடாக் கம்பெனிப் பேரும் எம்.ஜி.ஆர். முகம் தெரிந்த அதே திரையில் தெரியும். மணல் குவித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அந்தத் தையல்காரரும் இருப்பார். எல்லோரும் திரும்பி அவரைப் பார்ப்பார்கள்.

அச்சு இல்லாமலும் வழி இருந்தது. ஜவ்வு மிட்டாய்க்காரர் மூங்கில் கழியின் உச்சியில் கைதட்டும் பொம்மையோடு வருவார். காலணாப் பெறாத மிட்டாயில் வாட்ச் செய்து மணிக்கட்டில் கட்டுவார்; மறக்காமல் கன்னத்தில் ஒரு துளி ஒட்டிவிடுவார். காபிப்பொடிக் கடைக்காரர் வறுவல் மெஷினைத் தெருப் பக்கமாகவே வைத்திருந்தார். சாயங்காலம் தெரு முழுக்க மணக்கும். மளிகைக்கடையில் சாமான் கட்டி முடித்ததும் சிறுவன் கையில் ஒரு பிடி பொட்டுக்கடலை, கொஞ்சம் வெல்லம். கொசுறு கேட்டுத்தான் நாங்கள் கடைக்கு ஓடுவோம். பக்கத்திலேயே வேறு கடை இருந்தாலும் போகமாட்டோம்.

பங்குனித் திருவிழாவில் கடைக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். நீர்மோர், பானகம், கடைப் பேர் அச்சடித்த அட்டை விசிறி. தேர் பார்க்க வந்த சுற்றுப்பட்டி சனம் குடித்துவிட்டு, விசிறிக்கொண்டே ஊர் போய்ச் சேரும்.

இவற்றோடு சேர்த்து நினைக்க மனம் வலிக்கிற ஒன்றும் உண்டு. தண்டோரா. ஏலம், வரி, திருவிழா எதுவானாலும் ஊருக்குச் சொல்ல ஒருவரைக் கூப்பிடுவார்கள். அவர் சேரியிலிருந்துதான் வரவேண்டும். வெயிலில் தெருத் தெருவாக நின்று பறை அடித்துச் சொல்லிவிட்டுப் போவார். எந்தத் திண்ணையிலும் அவர் உட்கார முடியாது. தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லி 2022இல் தமிழக அரசு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது. எப்போதோ நின்றிருக்க வேண்டியது அது. போனதெல்லாம் திரும்ப வேண்டும் என்று நான் ஏங்கவில்லை.

ஏங்குவது ஒன்றுக்குத்தான். அன்றைக்குக் கடைப் பேர் என்பது ஒரு ஆளின் பேர். அந்த ஆள் நம் தெருவில் குடியிருந்தார். நம் வீட்டுச் சாமிப் படத்துக்குக் கீழே பேரைப் போட்டுவிட்டு அவரால் கலப்பட எண்ணெய் விற்க முடியாது. விற்றால் மறுநாள் தேர் இழுக்க வரும்போது முகம் கொடுக்க வேண்டும். அவர் தந்த விளம்பரமும் பையாக, விசிறியாக, நாள் பார்க்கும் அட்டையாக நம் கையில் உழைத்தது. ரெண்டாயிரத்துக்குப் பிறகு பிளக்ஸ் வந்தது. ஒரு ராத்திரியில் அடித்து, மறுவாரம் கிழித்துப் போடுகிறார்கள். போர்டு எழுதிய ஓவியர்கள் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார்கள். நெகிழிப் பையும் வந்து, 2019இல் தடையும் வந்து, 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அழைக்க வேண்டியிருந்தது.

நோட்டீஸ் மாதிரியான தாள்களின் அருமை போர்டு எழுதும் ஓவியர் ஒருவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா. பழைய புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆயிற்று. அரசாணையும் கல்வெட்டும் சொல்லாத ஊர்க்கதை, எந்த ஊரில் எப்போது என்ன விற்றது, யார் விற்றார்கள், எப்படி அழைத்தார்கள் என்பதெல்லாம், இந்த மாதிரித் தாள்களில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் அப்படி ஒரு நோட்டீசோ காலண்டர் அட்டையோ கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.