பென்னிகுயிக் மூஞ்சி மேல ஐகானை வைக்காத!

பிளஸ் டூ படிக்கும்போது எனக்கு அரசு மடிக்கணினி கிடைத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் எந்தத் தெருவுக்குப் போனாலும் அந்தப் பையை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் திரிந்த காலம் அது. எல்லோருக்கும் ஒரே பை, ஒரே மூடி, மூடியின் மேல் ஒரே படம். வகுப்பில் நாற்பது கணினிகளை வரிசையாக வைத்தால் எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

திறந்து பார்த்தாலும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. என் கணினியில் இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். விலை குறைந்த கணினிகளுக்கான பதிப்பு அது. அதில் திரையின் பின்னணிப் படத்தை மாற்றும் வசதியே கிடையாது. என்ன கொடுத்தார்களோ அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால், கணினியை ஆன் செய்ததும் சில நொடிகள் ஒரு பட்டியல் வந்து போகும். அதில் இன்னொரு பெயரும் இருந்தது: 'பாஸ்'. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து, சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம். என் தோழிகள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. நான் போனேன். கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை. அங்கே ரைட் கிளிக் செய்தால் பின்னணிப் படத்தை மாற்ற முடிந்தது, அவ்வளவுதான்.

எங்கள் வீடு ஒரு கூடமும் ஓர் அடுப்படியும். தனி அறை யாருக்கும் இல்லை. சுவரில் சாமி படங்கள், தாத்தா படம், உரக்கடை காலண்டர் போக ஒரு சாண் இடம் மிச்சமில்லை. பதினேழு வயதில் எனக்கென்று ஒரு சுவர் கிடைத்தது அந்தத் திரையில்தான். அறுப்பு முடிந்த வயலுக்குப் பின்னால் மேகமலை தெரிய, சித்தப்பாவின் போனில் எடுத்த மங்கலான படம் ஒன்றை வைத்தேன். பிறகு எழுத்துருவை மாற்றினேன், ஐகான்களை மாற்றினேன். நாற்பது கணினிகளில் என்னுடையதைத் திறந்ததும் கண்டுபிடித்துவிடலாம் என்று ஆனது.

இது எப்படிச் சாத்தியம் என்று பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். லினக்ஸில் நாம் கண்ணால் பார்க்கும் திரை தனி; உள்ளே ஓடும் இயந்திரம் தனி. 1996-ல் தொடங்கிய கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ, 1997-ல் தொடங்கிய க்னோம் என்று திரைக்கே பல உண்டு. ஒன்று பிடிக்கவில்லையா, கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். 2011-ல் க்னோமின் மூன்றாம் பதிப்பு பழைய பழக்கங்களையெல்லாம் புரட்டிப்போட்டபோது உலகம் முழுக்கச் சண்டை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கோபித்துக்கொண்டு எக்ஸ்எஃப்சிஇ-க்குக் குடிபோனார். (பிறகு திரும்பி வந்தார். நம் வீட்டுக் கோபம் மாதிரிதான்.) பழைய க்னோமை விட மனமில்லாதவர்கள் அதையே நகலெடுத்து 'மாட்டே' என்று புதுப்பெயர் வைத்து இன்றுவரை பராமரிக்கிறார்கள். மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இப்படித் திரையைச் சோடிப்பதற்கு இணையத்தில் 'ரைசிங்' என்று பெயர். கார்களை அலங்கரிப்பவர்களிடமிருந்து வந்த சொல். நெல் விவசாயி மகளான எனக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வரும். கண்ணாடி போல் ஊடுருவும் ஜன்னல்கள், நியான் நிறங்கள் என்று அவர்கள் போடும் படங்கள் அழகாகத்தான் இருக்கும். அதில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுத முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

அந்த மடிக்கணினி பல வருடம் பீரோ மேல் தூங்கியது. போன வருடம் அதை இறக்கியது அப்பாவுக்காக.

அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரை கூடி, வலது கண்ணில் பார்வை குறைந்துவிட்டது. பேப்பர் வந்ததும் அவர் முதலில் தேடுவது முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை. வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு எண். இங்கே ஒரு வருட வாழ்க்கை. ஜூன் 1-ம் தேதி தண்ணீர் திறந்தால்தான் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் முதல் போகம் நாற்று விட முடியும். பொடி எழுத்து தெரியாமல் போனதும் அம்மாவை வாசிக்கச் சொன்னார். அம்மா மட்டத்தைச் சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்துவிடுவார். "வரத்து எவ்வளவு? திறப்பு எவ்வளவு? வைகை என்னாச்சு?" என்பார் அப்பா. தினமும் காலையில் இதுதான் சண்டை. போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் திரைக்கு மூன்று வார்த்தைதான் நின்றது. கொஞ்ச நாளில் அப்பா கேட்பதையே நிறுத்திவிட்டார். அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குப் புது எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினேன். பழைய கணினிக்கு அது பாரமில்லை. அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அவரிடம் கேட்டுக் கேட்டு மாற்றினேன். எழுத்தின் அளவை நிர்ணயிக்கும் டிபிஐ எண் வழக்கமாக 96. அதை ஏற்றிக்கொண்டே போனேன். 140-ல் "போதும், நிப்பாட்டு" என்றார். மவுஸ் அம்பை இரண்டு மடங்காக்கினேன். டபுள் கிளிக் அவர் விரலுக்கு ஒத்துவரவில்லை. ஒரே கிளிக்கில் திறக்கும்படி வைத்தேன். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் திரை முழுவதும் பூதக்கண்ணாடி வைத்த மாதிரி பெரிதாகும். அதைக் காட்டியபோது, "இது முன்னமே இருந்துச்சா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

பின்னணிப் படத்துக்கு யோசிக்கவே இல்லை. "பென்னிகுயிக்க வையி தாயி." 1895-ல் அணையைக் கட்டி முடித்த அந்த வெள்ளைக்காரப் பொறியாளரின் படம் எங்கள் ஊர்ப்பக்கம் வீடுகளிலும் கடைகளிலும் சாமி படங்களோடு மாட்டியிருக்கும். தேனி பஸ் ஸ்டாண்டுக்கே அவர் பெயர்தான். படத்தை வைத்ததும், "மூஞ்சி மேல ஐகானை வைக்காத! அங்கிட்டுத் தள்ளு" என்று அப்பா பதறினார். எனக்கு வேறு பிரச்னை. ஐகானுக்குக் கீழே வரும் எழுத்து வெள்ளை. பழைய படத்தின் வெளிறிய இடங்களில் அது கரைந்துபோனது. கடைசியில் படத்தைச் சின்னதாக்கி வலது ஓரத்தில் நிறுத்தி, மற்ற இடமெல்லாம் கறுப்பாக்கி, ஐகான்களை இடப்பக்கம் வரிசையாக வைத்தோம். பென்னிகுயிக்கைப் பார்க்க அப்பா தலையைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். "பரவால்ல, அவரு அங்கன இருந்தாப் போதும்" என்றார்.

மொத்தம் நான்கே ஐகான்கள். லினக்ஸில் ஒரு ஐகான் என்பது உண்மையில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. அதில் பெயருக்கென்று ஒரு வரி. என்ன பெயர் வேண்டுமானாலும் எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். அப்பா சொன்னார், நான் அடித்தேன். அணை நிலவரம் வரும் செய்திப் பக்கத்துக்கு 'பெரியாத்துத் தண்ணி'. நெல் விலைக்கு 'சந்தை'. என் மகளோடு வீடியோவில் பேச 'பாப்பா'. நான்காவது பழைய பாட்டு. அதற்கு ரொம்ப யோசித்து 'சும்மா' என்று வைத்தார்.

இப்போது காலை ஆறரைக்கெல்லாம் மட்டம், வரத்து, திறப்பு, வைகை என்று வரிசையாக எனக்கு போனில் ஒப்பிக்கிறார். நான் கேட்பதே இல்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து, "அதுல எனக்குன்னு தனியா ஒண்ணு வைக்க முடியுமாடி?" என்றார். லினக்ஸில் ஒரே கணினியில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒருவர் திரைக்கும் இன்னொருவர் திரைக்கும் சம்பந்தமே இருக்காது. உடனே போட்டுக் கொடுத்தேன். என்ன படம் வைக்கட்டும் என்று வீரபாண்டி கௌமாரியம்மன், சுருளி அருவி, பேத்தி என ஒவ்வொன்றாகக் காட்டினேன். எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். ஐகானும் வேண்டாமாம். வெறும் பச்சை நிறம், நாற்று நட்டு ஒரு மாதமான வயலின் பச்சை, அது மட்டும் போதுமாம். அதைப் பிடிக்கத்தான் அரை மணி நேரம் ஆனது. பாஸ்வேர்டு அடிக்கும்போது என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார்.