துணி காயும் நேரம்

ஆனி பிறந்துவிட்டால் சிவகிரியில் மேகாத்து வீசத் தொடங்கிவிடும். மேற்கே மலை மேகத்துக்குள் போய்விடும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரல் தாராளமாக வரும். கொஞ்சம் வடக்கே தள்ளி மலைமறைவில் இருக்கிற எங்களுக்குக் காற்றுதான் பங்கு. சாரல் எப்போதாவது முகத்தில் தெறிக்கும், அவ்வளவே. அந்தக் காற்றில், முற்றத்துக் கொடியில் பிழிந்து போட்ட வேட்டி கால் மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும்.

அப்படியொரு ஆனி மாதத்தில், 1993-இல், வேலை தேடி முதன்முதலாக மெட்ராஸுக்குக் கிளம்பினேன். அம்மா வாசலில் நின்று மலையைப் பார்த்தாள். பறக்கிற முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். ரெக்ஸின் பையில் முழுக்கைச் சட்டை நான்கு, கனத்த போர்வை ஒன்று, அப்பாவின் மஃப்ளர் எல்லாம் ஏறின. “காத்து காலம்யா, நெஞ்சுல சளி கட்டிரும்” என்றாள். நானும் சரியென்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை திருவள்ளுவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி ஏழுகூட ஆகவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் போய்த் தங்கிய அறையில் மூன்று பேர் வெறும் தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்திருந்தார்கள். அந்தப் போர்வையை நான் இருந்த நான்கு மாதமும் தலையணையாகத்தான் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வாசலில் குளிரக் குளிர வீசிய அதே மேல்காற்றுதான் மெட்ராஸை வேகவைத்தது என்பது பின்னால்தான் புரிந்தது. மலையில் மழையை இறக்கிவிட்டு, காய்ந்த தரைமேல் நூற்றுக்கணக்கான மைல் ஓடி, சூடேறித்தான் அது கிழக்குக் கரைக்குப் போய்ச் சேர்கிறது. போய்ச் சேர்ந்ததோடு விடுவதில்லை. மத்தியானம் கடலிலிருந்து உள்ளே வரவேண்டிய காற்றையும் நெடுநேரம் தள்ளி நிறுத்திவிடுகிறது. கடற்காற்று என்றைக்குத் தாமதமாகிறதோ அன்றைக்கு அந்த ஊர் கொதிக்கும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டதென்று பஞ்சாங்கம் சொன்ன பிறகு வந்த வெயில் அது. மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் பேர் வைத்தவர்கள் நம் முன்னோர். பெட்டி கட்டுகிறவருக்கு அதைவிட உதவியான பாடம் எதுவும் கிடையாது என்று இன்றும் நினைக்கிறேன். எந்த மாதம் என்று கேட்பதைவிட, போகிற ஊரில் எந்தக் காற்று என்று கேட்பதே சரியான கேள்வி.

அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் அந்தப் போர்வைக் கதையைச் சொன்ன பிறகு அவள் மலையைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். மெட்ராஸிலிருந்து யார் வந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: “அங்கன துணி காயுதா?”

எத்தனை நாள் பயணமோ அத்தனை செட் துணி என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். அது தப்பு. துவைத்த துணி எத்தனை நேரத்தில் காயும் என்பதுதான் கணக்கு. சித்திரையில் பத்து நாள் போனாலும் மூன்று சட்டை போதும். ராத்திரி அலசிப் போட்டால் விடியும்போது தயார். கார்த்திகையில் நான்கு நாள் போனாலும் ஆறு சட்டை வேண்டும், அதுவும் மெல்லிசாக வேண்டும். ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை, ஆண்டு மழையில் பாதிக்குமேல் சென்னை இந்த மூன்று மாதத்திலேயே வாங்கிவிடுகிறது. அந்த நாட்களில் அறைக்குள் கட்டிய கொடியில் ஜீன்ஸ் மூன்று நாள் தொங்கும். நான்காம் நாள் எடுத்து முகர்ந்தால் ஊறல் வாடை அடிக்கும். பூத்துவாலைத் துண்டும் அப்படித்தான். ஒரு தடவை ஈரமானால் ஊர் திரும்புகிற வரை ஈரம்தான். சங்கரன்கோவில் பக்கம் தறியில் நெய்த துண்டை அம்மா இரண்டு வாங்கி வைத்திருப்பாள். தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரியும். தலை துவட்டிப் பிழிந்து ஃபேனுக்குக் கீழே போட்டால் சாப்பிட்டு வருவதற்குள் உலர்ந்துவிடும். முப்பது வருஷமாக என் பையில் அந்தத் துண்டுதான் போகிறது.

மழைக்கால மூட்டையில் துணியை விடப் பெரிய விஷயம் காகிதம். 1994 கார்த்திகையில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். சான்றிதழ்களை அட்டைக் கோப்பில் வைத்து, பையின் அடியில், துணிக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தேன். முழங்கால் தண்ணீரில் நடந்தபோது பையின் அடிப்பாகம்தான் முதலில் நனைந்தது. மேலே இருந்த சட்டை உலர்ந்திருந்தது; பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் மை கரைந்து ஒரு எண் நீல மேகமாகப் பரவியிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஊருக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். அவள் எதுவும் பேசவில்லை. வயலுக்கு வாங்கிய உரச்சாக்குக்குள் இருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக் காயவைத்து, அளவாக வெட்டி, மெழுகுவர்த்தி நெருப்பில் ஓரங்களை ஒட்டவைத்து ஒரு பை செய்துகொடுத்தாள். காகிதம் அதற்குள், அது துணிக்கு நடுவில். அடியிலும் கூடாது, மேலேயும் கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு கரை கடந்து வந்தபோது சான்றிதழும் பத்திரமும் போனவர்கள் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். நகல் வழங்க அரசு தனியாக முகாம்கள் நடத்த வேண்டி வந்தது. அந்த வரிசையில் என் நண்பர் ஒருவரோடு நானும் நின்றேன். நிற்கும்போதெல்லாம் அம்மாவின் உரப்பைதான் ஞாபகத்தில் இருந்தது.

சாப்பாட்டு மூட்டைக்கும் பருவம் உண்டு. எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. திருமங்கலம்–கொல்லம் சாலையில் பஸ் பிடித்து ராஜபாளையத்துக்கோ, உள்ளே திரும்பி சங்கரன்கோவிலுக்கோ போய்த்தான் வண்டி ஏற வேண்டும். 2004-இல் அகலப்பாதை வந்து பொதிகை ஓடத் தொடங்கிய பிறகு ராத்திரிச் சாப்பாடு ரயிலில் என்று ஆகிவிட்டது. கோடையில் அம்மா தயிர்ச்சோறு கட்டுகிற விதம் தனி. சோற்றைக் குழைத்து, காய்ச்சி ஆறவைத்த பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி விடுவாள். வண்டி மதுரை தாண்டும்போது திறந்தால் அப்போதுதான் பதமாக உறைந்திருக்கும். மழைக்காலத்தில் அதே கைக்கு இரண்டு கரண்டி. கருப்பட்டியை வெயில் காலத்தில் காகிதத்தில் சுற்றலாம். அடைமழையில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிந்து பையையே பிசுபிசுக்க வைத்துவிடும் என்பதால் ஓலைக்கொட்டானில் வைத்து அதற்கு மேல் பாலிதீன் சுற்றுவாள். புளியங்குடி எலுமிச்சையில் நன்றாகப் பழுத்ததை வைக்கமாட்டாள், காய்ப்பதமாகப் பொறுக்கி வைப்பாள். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காய்ந்த வத்தலும் மோர்மிளகாயும் கார்த்திகை மழையில் என் அறைக்கு வந்து பொரியும். சட்டி காய்ந்து மிளகாய் வாசனை எழும்பினால் அறையில் இருந்த மூன்று ஊர்க்காரர்களும் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

1997 தை மாதம் பயிற்சிக்காக டெல்லி போக வேண்டியிருந்தது. இந்த முறை ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த ஒரு பெரியவரைத் தேடிப்போய் அம்மா விசாரித்தாள். அவர் ஸ்வெட்டர் கொடுத்தார், குல்லா கொடுத்தார், கூடவே ஒரு புத்தியும் சொன்னார்: ஸ்வெட்டர் பையில் ஆக மேலே இருக்கணும். சென்னையில் ஏறும்போது அது மேலே கிடப்பது வேடிக்கையாக இருந்தது. அடுத்த நாள் மத்தியானம் நாக்பூர் வரைக்கும் சட்டையின் மேல் பட்டனைத் திறந்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். போபாலில் இருட்டிவிட்டது. ஜான்சிக்குப் பக்கத்தில் கம்பார்ட்மெண்டே எழுந்து, சீட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுக் கட்டிய பெட்டிகளை இருட்டில் குனிந்து திறந்து கம்பளி தேடியது. நான் மட்டும் கையை நீட்டி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

டெல்லியில் முதல் நாள் குளித்துவிட்டுத் தலைக்கு எண்ணெய் தேய்க்கப் பாட்டிலைத் திறந்தேன். வரவில்லை. கவிழ்த்தேன், தட்டினேன். உள்ளே தேங்காயெண்ணெய் வெள்ளை வெளேரென்று மெழுகு மாதிரி நின்றது. 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கிவிடும். சிவகிரி மார்கழியில் விடிகாலை ஓரத்தில் லேசாகத் திரியும், வெயில் பட்டதும் இளகிவிடும். இங்கே பகலிலும் இளகவில்லை. வாய் குறுகின பாட்டில்; விரல் நுழையாது. ஈர்க்குச்சியால் கிளறி எடுத்தேன். அன்றைக்கு அம்மாவுக்கு எழுதிய இன்லண்ட் லெட்டரில் குதுப்மினாரைப் பற்றி எழுதினேனோ இல்லையோ, இந்த எண்ணெய் சங்கதியை எழுதினேன்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாத வானமும் உண்டு. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் சென்னை மிதந்தது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. எல்லாம் வடிந்து, இனி ஊரில் போய் நாலு நாள் இருக்கலாம் என்று பை கட்டிவைத்திருந்தேன். டிசம்பர் 17, 18 தேதிகளில் தெற்கே உடைத்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. ஏறக்குறைய 800 பேர், சுற்றிலும் தண்ணீர். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீடு மூழ்கிக் கிடக்கும்போதே அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். ஒரே ராத்திரிப் பயணம்தானே என்று தண்ணீர் பாட்டில் ஒன்றோடு ஏறியவர்கள்தான் அந்த வண்டியில் பெரும்பாலும் இருந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் ஏறியிருப்பேன். “எய்யா, பையை அவுக்காத, அப்படியே கெடக்கட்டும். தண்ணி வத்தட்டும், வா” என்றாள் அம்மா போனில். அன்றிலிருந்து கடலை உருண்டை ஒரு பாக்கெட், மாத்திரை ஒரு வாரத்துக்கு, டார்ச் ஒன்று: பருவம் எதுவானாலும் இவை என் பையை விட்டு இறங்குவதில்லை.

இந்தத் தை மாதம் அம்மா டெல்லிக்குப் போகிறாள். தங்கச்சி அங்கேதான் இருக்கிறாள். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இதுவரை சென்னையைத் தாண்டியதில்லை. பை கட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஸ்வெட்டரை மேலே வைத்தேன். காலுறை, மாத்திரைச் சீட்டு, ஆதார் நகல் எல்லாம் உறை போட்டு நடுவில். ஜிப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்தால் அம்மாவைக் காணோம்.

அடுப்படியில் இருந்தாள். தேங்காயெண்ணெய் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்தாள். பிறகு இரண்டு விரலை அதன் வாய்க்குள் விட்டு, அடிவரைக்கும் எட்டுகிறதா என்று பார்த்தாள்.