கல்யாணம் முறியலாம், கையெழுத்து முறியாது

அமெரிக்கக் குடிமகன் ஒருவர் வெளிநாட்டில் கல்யாணம் செய்துகொண்டு மனைவியைக் கூட்டிவர விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்யாண போட்டோ, சேர்ந்து போன ஊர்களின் டிக்கெட், போன் பில் என்று கல்யாணம் நிஜம்தான் என்பதற்கு ஒரு மூட்டை அத்தாட்சி கொடுக்க வேண்டும். எல்லோரும் பயப்படுவது அந்த மூட்டையைப் பற்றித்தான். அதற்குள்ளே ஒரு ஃபாரம் சத்தமில்லாமல் கிடக்கும். பெயர் ஐ-864, அஃபிடவிட் ஆஃப் சப்போர்ட். ஏதோ இன்கம் சர்டிபிகேட் போல என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவது ரொம்ப சுலபம்.

அது சர்டிபிகேட் இல்லைங்க. ஜாமீன்.

1996க்கு முன்னாலும் ஸ்பான்சர் கையெழுத்து உண்டு. ஆனால் கோர்ட்டுகள் அதைத் தார்மீகக் கடமையாகத்தான் பார்த்தன, காசு வசூலிக்க முடியவில்லை. 1996இல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டங்கள் அதை மாற்றின. வருகிறவர் சர்க்கார் உதவித்தொகையை நம்பி இருக்கக் கூடாது, இருந்தால் கூட்டிவந்தவர் கட்ட வேண்டும் என்பது எண்ணம். 1997 டிசம்பர் 19 முதல் இந்த ஃபாரம் அமலுக்கு வந்தது.

கணக்கு கஷ்டமில்லை. சர்க்கார் வருஷாவருஷம் வெளியிடும் வறுமைக்கோட்டுத் தொகையில் 125 சதவீதம் ஸ்பான்சருக்கு வருமானம் வேண்டும். (ராணுவத்தில் பணியில் இருப்பவர் மனைவியைக் கூட்டிவந்தால் 100 சதவீதம் போதும்.) 2025ஆம் வருஷத் தொகை, இரண்டு பேர் குடும்பத்துக்கு, 21,150 டாலர். அதில் 125 சதவீதம் 26,437. அலாஸ்கா, ஹவாய்க்கு மட்டும் கூடுதல். சம்பளம் 20,000தான் என்றால் குறை 6,437. சொத்துக் காட்டி ஈடுகட்டலாம், ஆனால் குறையைப் போல மூன்று மடங்கு, அதாவது 19,311 டாலர். ஸ்பான்சர் குடிமகனாக இல்லாமல் கிரீன் கார்டு வைத்திருப்பவராக இருந்தால் ஐந்து மடங்கு! வீட்டைக் காட்டினால் கடன் போக மிச்சம்தான் கணக்கு. ஒரே ஒரு கார் வைத்திருந்தால் அது சேராது, இரண்டாவது கார் இருந்தால்தான் சேரும். (வேலைக்குப் போக வண்டி வேண்டுமே, அந்த மட்டும் கருணை :-))

அதுவும் இல்லையா? ஜாயின்ட் ஸ்பான்சர் பிடிக்க வேண்டும். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 18 வயது முடிந்து, அமெரிக்காவில் குடியிருக்கும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ போதும். ஆனால் மாப்பிள்ளை சம்பளத்தோடு தன் சம்பளத்தைக் கூட்டிக் காட்ட முடியாது, அவர் தனியாகவே 125 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். மாப்பிள்ளையும் தன் பங்குக்கு ஒரு ஐ-864 போட்டே ஆக வேண்டும். சித்தப்பாவோ கூட வேலை பார்க்கும் நண்பரோ "ஒரு கையெழுத்துதானே" என்று மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

பி.காம்.இல் கான்ட்ராக்ட் ஆக்ட் படித்தவர்களுக்கு 130ஆவது செக்‌ஷன் ஞாபகம் இருக்கும். தொடர் ஜாமீன் கொடுத்தவர் நோட்டீஸ் விட்டு, இனிமேல் நடக்கப்போகும் பரிவர்த்தனைகளுக்குப் பொறுப்பில்லை என்று விலகிக்கொள்ளலாம். நம்மூர் சட்டம் விடுகிற அந்த வழி ஐ-864இல் கிடையாது. விசாவோ கிரீன் கார்டோ கைக்கு வருவதற்கு முன்னால் வாபஸ் வாங்கலாம், அதற்கப்புறம் முடியாது. பிறகு எப்போது முடியும்? வந்தவர் குடியுரிமை வாங்க வேண்டும், அல்லது 40 குவார்ட்டர் வேலை அவர் கணக்கில் ஏற வேண்டும் (சுமார் பத்து வருஷம்), அல்லது கிரீன் கார்டை விட்டுவிட்டு நாட்டைவிட்டே போக வேண்டும். இல்லையென்றால் இருவரில் ஒருவர் சாக வேண்டும்.

இந்தப் பட்டியலில் விவாகரத்து இல்லை. கவனித்தீர்களா?

2012இல் ஏழாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு போனது. மாஜி மனைவி வேலை தேடவே இல்லை, நான் ஏன் கொடுக்க வேண்டும் என்பது கணவர் வாதம். நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் ஒப்புக்கொள்ளவில்லை. வேலை தேடியாக வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை என்றார். 2016இல் ஒன்பதாவது சர்க்யூட்டில் நேர்மாறான ஜோடி: ஸ்பான்சர் மனைவி, வந்தவர் கணவர். கல்யாணத்துக்கு முன்பே, பிரிந்தால் ஜீவனாம்சம் கிடையாது என்று ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். அந்த ஒப்பந்தம் ஐ-864ஐத் தொட முடியாது என்றது கோர்ட். கணவர் பிரிந்துபோய் மகன் வீட்டில் இருந்தார். மகனின் சம்பளத்தை அவர் வருமானமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் சொன்னது.

ஸ்பான்சர் பாவம் என்றுதான் முதலில் தோன்றும். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பாஷை தெரியாத ஊருக்கு வேலையை விட்டுவிட்டு வந்த பெண்ணை இரண்டே வருஷத்தில் வெளியே போ என்றால், அவள் கையில் மிஞ்சுவது இந்தக் காகிதம்தான். அவளே நேராக கோர்ட்டுக்குப் போய்க் கேட்கலாம். 2025 கணக்குப்படி ஒருவருக்கு வருஷம் சுமார் 19,562 டாலர் வரை, அவளுடைய சொந்தச் சம்பாத்தியம் போக. அந்த விஷயத்தில் 1996 சட்டம் சரியாகவே செய்திருக்கிறது. குறை என்னவென்றால், பத்து வருஷப் பொறுப்பை நாலு தாளுக்கு நடுவே ஒரு தாளாக வைத்து நீட்டுகிறார்கள்.

கையெழுத்துப் போட்டவர் வீடு மாறினாலும் 30 நாளைக்குள் சொல்ல வேண்டும். அதற்குத் தனியாக ஐ-865 என்று இன்னொரு ஃபாரம். சொல்லாவிட்டால் 250 டாலரிலிருந்து 2,000 டாலர் வரை அபராதம். வந்தவர் சர்க்கார் உதவி வாங்குவது தெரிந்தே சொல்லாமல் இருந்தால் 5,000 வரை போகும்.