நரசிங்கர் குன்றிலிருந்து நெசவாளர் தெருவுக்கு

செங்கற்பட்டு செல்லும் மின்சார ரயிலில் மறைமலைநகரைத் தாண்டியதும் அடுத்து வரும் நிலையம் சிங்கப்பெருமாள் கோயில். ஊருக்குப் பெயர் கொடுத்த பெருமாள், பாடலாத்திரி என்னும் சிறு குன்றைக் குடைந்த குகைக்குள் வீற்றிருக்கிறார். பல்லவர் காலத்துக் குடைவரை என்பார்கள். இந்த நரசிங்கமூர்த்திக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. அர்ச்சகர் திருமண் காப்பைச் சற்றே விலக்கித் தீபத்தை உயர்த்திக் காட்டும்போது அதைத் தரிசிக்கலாம். கருவறையும் மலையும் ஒன்றாகவே இருப்பதால், பெருமாளைப் பிரதட்சிணம் செய்ய விரும்புகிறவர்கள் குன்றையே சுற்றி வரவேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மனத்தினால் பிரதட்சிணம் செய்துகொள்வதும் உண்டு. பெருமாள் அதையும் ஏற்றுக்கொள்வார் என்றே நம்புகிறோம்.

காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் பட்டு எடுக்கப் புறப்பட்டவர்கள் வழியில் இங்கே இறங்கினோம். தரிசனம் முடிந்து ஒரகடம் செல்லும் சாலையின் முனையில் நின்றபோது, ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனி பஸ்கள் கடந்து போயின. உள்ளே ஒரே நிறச் சட்டை அணிந்த இளைஞர்களும் யுவதிகளும் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். இவர்களில் பலர் காஞ்சிபுரம், வாலாஜாபாத் பக்கத்தில் தறி வைத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். பட்டு வாங்கப் போகும் நமக்கு எதிரே, பட்டை விட்டுப் போகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்! அப்போதே இந்தப் பிரயாணத்துக்கு வேறொரு நோக்கமும் சேர்ந்துவிட்டது. பட்டில் இன்னும் பிழைப்பு உண்டா? உண்டென்றால் யாருக்கு?

புழுவின் ஊழியம்

நம் தாய்மார்கள் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் புடவை ஓர் இலையில் தொடங்குகிறது. மல்பெரி இலையைத் தின்னும் பட்டுப்புழு, முட்டையிலிருந்து வெளிவந்தபின் ஏறக்குறைய 25 நாள் சாப்பிடுவதையே தொழிலாகக் கொண்டிருக்கிறது. நான்கு முறை தோல் உரிக்கிறது. பிறந்தபோது இருந்த எடையைப் போல் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு பெருக்கிறது. பிறகு சந்திரிகை எனப்படும் தட்டில் ஏறி, இரண்டு மூன்று நாளில் கூடு கட்டி முடித்துவிடுகிறது. நல்ல கூடு ஒன்றில் உள்ள இழையை நீட்டினால் ஆயிரம் மீட்டருக்கும் மேலே போகும். ஆறேழு கிலோ கூடு சேர்ந்தால் ஒரு கிலோ கச்சாப் பட்டு கிடைக்கும்.

தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஈரோடு, கோயம்புத்தூர், தேனி முதலிய பக்கங்களில் இது விவசாயிக்கு நல்ல உபதொழில். நெல்லைப் போல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. வருஷத்தில் பல முறை கூடு விற்கலாம். ஆனால் புழு மிகவும் நாசூக்கான விருந்தாளி. வெப்பம், ஈரம், இலையின் சுத்தம் எதில் குறை வந்தாலும் நோயுற்றுவிடும். 1860-களில் பிரான்ஸ் தேசத்துப் பட்டுத் தொழிலையே அழிக்க வந்த புழுநோயை லூயி பாஸ்டர் ஆராய்ந்து, தாய் அந்துப்பூச்சியை மைக்ராஸ்கோப்பில் சோதித்து நோயற்ற முட்டைகளைப் பிரிக்கும் முறையைக் காட்டினார். இன்றும் முட்டை வித்து நிலையங்களில் நடக்கும் உத்தியோகம் அதுவே. மைசூரில் மத்தியப் பட்டு ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மேட்டுப்பாளையத்தில் பட்டு வளர்ப்பைப் பட்டப்படிப்பாகவே சொல்லிக் கொடுக்கிறது. பி.எஸ்ஸி. என்றால் ரசாயனமும் பௌதிகமுந்தான் என்று நினைக்கும் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கூட்டுக்குள் புழு சாகிறதே என்று வருந்துகிறவர்களும் உண்டு. காஞ்சி மஹா பெரியவர் அக்காரணத்தால் பட்டைத் தவிர்க்கும்படி பக்தர்களுக்குச் சொல்லி வந்தார். அந்துப்பூச்சி வெளியேறிய பிறகு நூல் எடுக்கும் ‘அஹிம்சைப் பட்டு’ முயற்சியை ஆந்திரத்தில் குசும ராஜய்யா மேற்கொண்டார். மனத்தில் உறுத்தல் உள்ளவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது.

பிள்ளையார்பாளையம்

செங்கற்பட்டில் கிளை பிரியும் ரயில் பாதை, பாலூர், பழைய சீவரம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிக்குக் கொண்டு சேர்க்கிறது. காஞ்சியில் மல்பெரித் தோட்டம் இல்லை. நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. காஞ்சிக்குச் சொந்தமானது கைதான்.

பிள்ளையார்பாளையத்துக் குறுகிய வீடொன்றில் தறியைப் பார்த்தோம். நெசவாளர் குழியில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தார். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை என்பதில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் தனித்தனி நாடாவினால் நெய்யப்பட்டு, இழைக்கு இழை பின்னிக்கொள்கின்றன. இதற்கு மூன்று நாடா வேண்டும். நெசவாளருக்குப் பக்கத்தில் துணையாள் ஒருவரும் வேண்டும். முந்தானைக்கு நிறம் மாற்றவேண்டுமானால், பாவின் பழைய இழைகளோடு புதிய இழைகளைக் கோத்துப் பெட்னி போடுகிறார்கள். இப்படி ஒரு புடவை முடியப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும்.

அந்தத் துணையாள் யார் என்பதில்தான் ஒரு பழைய துக்கம் இருக்கிறது. முன்னாளில் பெரும்பாலும் சிறுவர்களே அந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். முன்பணக் கடனுக்கு ஈடாகத் தறிக்கு வந்த பிள்ளைகளும் உண்டு. 1990-களுக்குப் பிறகு சட்டமும் பள்ளிக்கூடமும் அவர்களை மீட்டன. அது மிகவும் நல்ல காரியம். ஆனால் குழந்தையின் கை விலகிய இடத்தில் உரிய கூலி பெறும் பெரியவரின் கை வந்து சேரவேண்டுமல்லவா? பல வீடுகளில் மனைவியே அந்த இடத்தை நிரப்புகிறாள். கூலியோ ஒரு புடவைக்கு ஒரு கூலிதான். இரண்டு பேருக்கும் சேர்த்து!

“உங்கள் மகன் நெய்கிறாரா?” என்று கேட்டோம்.

“ஒரகடத்தில் கம்பெனிக்குப் போகிறான், ஐயா. மாதம் பிறந்தால் சம்பளம். எங்களுக்குப் புடவை இறங்கினால்தான் கூலி. போகாதே என்று எந்த வாயால் சொல்வேன்?” என்றார் பெரியவர்.

பதில் சொல்ல நமக்கும் வாய் எழவில்லை. 2009-10-ல் நடந்த கணக்கெடுப்பில் தேசம் முழுவதும் 43 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருந்தனர். 2019-20-ல் அது 35 லட்சமாகக் குறைந்துவிட்டது. அதே சமயம், கம்பெனி வேலையும் கல்லில் எழுதியதல்ல. மறைமலைநகரில் 1990-களில் எழும்பிய பெரிய கார்த் தொழிற்சாலையில் 2022-ல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள் வேறு வேலை தேடினார்கள். ஆகவே பஸ்ஸில் போகிறவனை ஏசுவதிலும் பயனில்லை. தறியில் இருப்பவரைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வதிலும் பயனில்லை.

தறியைச் சுற்றிய தொழில்கள்

தறிக்கு முன்னும் பின்னும் எத்தனையோ தொழில்கள் இருக்கின்றன. கச்சாப் பட்டுக்கு முறுக்கேற்றுகிறவர், கோந்து போக்குகிறவர், சாயம் தோய்க்கிறவர், பாவு ஓடுகிறவர், தார் சுற்றுகிறவர், ஜக்கார்டு அட்டைக்குச் சித்திரம் எழுதுகிறவர் என்று வரிசை நீள்கிறது. கோந்து போக்கினால் பட்டின் எடையில் கால் பங்கு போய்விடும். பளபளப்பு அதன் பிறகே பிறக்கிறது. சித்திரம் எழுதுகிற வேலை இப்போது கட்டக் காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. கோலம் போடத் தெரிந்த நம் பெண்கள் கற்றுக்கொள்ளத் தக்க வேலை இது. சேலத்தில் 1960-ல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று ஆண்டு டிப்ளோமா கொடுக்கிறது. காஞ்சியிலேயே நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கோ-ஆப்டெக்ஸுக்கும் நெசவு தெரிந்த நிர்வாகிகள் வேண்டும்.

திரை அச்சுத் தொழிலையும் இங்கே சொல்லவேண்டும். மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, வேண்டாத கண்களை அடைத்து, மையை ஊற்றி ரப்பர் பட்டையால் தேய்த்தால் அடியிலுள்ள துணியில் சித்திரம் பதிகிறது. 1907-ல் மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் இதற்கு உரிமை பெற்றார். அந்த வலைத்துணி ஆதியில் பட்டு. அதனால்தான் சில்க் ஸ்கிரீன் என்ற பெயர். இன்று பாலியெஸ்டர் வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை, பனியன், துணிப்பை ஆகியவை மட்டுமல்ல; மோட்டார் கண்ணாடியின் கறுப்பு ஓரமும், சூரிய மின்தகட்டின் வெள்ளிக் கோடுகளும் இம்முறையில் அச்சாகின்றவையே. ஒரு சிறு அறை, சில சட்டங்கள், வெளிச்சப் பெட்டி இருந்தால் குடும்பமாகத் தொழில் தொடங்கலாம். நிறத்தை அளந்து கலக்கவும், ஒரு நிறத்தின் மேல் மறு நிறம் விலகாமல் பதிக்கவும் பழகவேண்டும். அதற்குச் சில மாதப் பொறுமை போதும்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அச்சடித்ததை அச்சு என்றும், விசைத்தறியில் நெய்ததை விசைத்தறி என்றும் சொல்லி விற்கவேண்டும். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியிருக்கிறது. காஞ்சிப் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் போலி வந்து சந்தையில் உட்காருகிறது. அது திருடுவது ஒரு பெயரை மட்டுமல்ல. பிள்ளையார்பாளையத்தில் பார்த்தோமே, அந்த இரண்டு பேருக்கான ஒரே கூலியையும் திருடுகிறது.

1905 ஆகஸ்டு 7-ல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் பிறந்தது. அந்நாளையே 2015 முதல் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறோம். அன்று அந்நியத் துணியைத் தீயிலிட்ட பாட்டனார்களுக்கு இருந்த உறுதியில் கால் பங்கு இருந்தால் நமக்குப் போதும். தீ வேண்டாம், கடையில் ஒரு கேள்வி வேண்டும். “இது கைத்தறிதானா? எந்தச் சங்கத்தில் நெய்தது? பட்டு முத்திரை எங்கே?” என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்கத் தொடங்கட்டும். நாமும் அன்று கூட்டுறவுச் சங்கக் கடையில் அப்படிக் கேட்டோம். விற்பனையாளர் முத்திரையைக் காட்டியதோடு, புடவையைத் திருப்பிப் போட்டுக் கோர்வை பின்னிய இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார். விலை சற்று அதிகந்தான். அந்த அதிகத்தில் ஒரு பங்காவது தறிக்குழி வரை போய்ச் சேருமானால், அடுத்த தலைமுறையில் ஒரு பிள்ளையாவது கம்பெனி பஸ்ஸையும் தறியையும் சரிசமமாக வைத்துப் பார்த்து, தன் இஷ்டப்படி ஒன்றைத் தேர்ந்துகொள்ள முடியும்.