டீன்ஸ்டன்: பருத்தி ஆலையில் பிறந்த விஸ்கி

விஸ்கியில் பிரீதி கொண்ட நண்பர்கள் பலர், பிரசித்தி பெற்ற பெயர்களுக்கே பெரும் பொருளைக் கொடுத்துவிட்டு, அதிகம் பேசப்படாத வடிசாலைகளை ஏறெடுத்தும் பாராமல் போவது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிற விஷயம். ஸ்காட்லாந்தில் தீத் நதிக்கரையிலுள்ள டீன்ஸ்டனையே எடுத்துக்கொள்ளலாம். 1785-ல் பருத்தி ஆலையாகத் தோன்றி, தலைமுறை தலைமுறையாக நூல் நூற்று, 1960-களின் மத்தியில் வடிசாலையாக உருமாறிய அந்த ஸ்தலத்தில், நெசவுக்கென்று 1836-ல் எழுப்பிய வளைகூரை மண்டபத்திலேதான் இன்று பீப்பாய்கள் முதிர்கின்றன. அன்று ஆலைச் சக்கரங்களைச் சுழற்றிய அதே நதிதான் இன்று மின்சாரமும் தருகிறது. 1982-ல் மூடப்பட்ட அந்த வடிசாலை, சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் உயிர் பெற்றது.

அதன் பன்னிரண்டு வருஷத்து விஸ்கி 46.3 சதவீத வீரியத்துடன், குளிரூட்டி வடிகட்டப்படாமலே புட்டிக்குள் செல்கிறது. வீரியம் குறைந்த விஸ்கி, குளிர்ந்தாலும் நீர் சேர்ந்தாலும் கலங்கித் தோன்றும் என்பதற்காக அதிலுள்ள கொழுப்புச் சார்ந்த பொருள்களைச் சில ஸ்தாபனங்கள் வடித்து நீக்கிவிடுகின்றன; அவற்றோடு நாவில் படியும் நெய்ப்பிலும் ஒரு பங்கு போய்விடுகிறதென்பது என் திடமான அபிப்பிராயம். டீன்ஸ்டனில் அந்த நெய்ப்பு குறைவில்லாமல் இருக்கிறது: தேன், தேன்மெழுகு, வறுத்த தானியம், முடிவில் இலேசான கிராம்பின் காரம். பகட்டான பெட்டியை நாடாதவர்கள் இதைச் சில துளி நீருடன், அவசரமின்றி அருந்திப் பார்க்கவேண்டும்.